கடை வெளிச்சம்

அத்தியாயம் 14

சலூன்காரரைப் போன வாரம் தலையில் டிவியோடு கடைப் படியிலேயே நிற்க வைத்துவிட்டோம். பாவம், கழுத்து வலிக்கும். முதலில் அவரை உள்ளே விடுவோம்.

உள்ளே வந்தவர் பெட்டியை ஓரமாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கல்லாவுக்கு நேர் எதிரே, பெரிய கம்பெனியின் ஏரியா மேனேஜர் காபி குடித்துக்கொண்டிருந்த மேஜையின் மேலேயே, அவருடைய கோப்பையைப் புறங்கையால் தள்ளிவிட்டு வைத்தார்.

“சத்தம் வருது, படம் வரல. நான் வாங்கினது டிவியா, ரேடியோவா?”

கடையிலிருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிவிகளைவிட இது சுவாரசியமாக இருந்தது.

“சலூன்ல உட்கார்ந்திருக்கறவனுங்க, படத்தைப் போடு, படத்தைப் போடுன்னு உயிரை எடுக்கறானுங்க. ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு பாதி ஷேவிங்ல எழுந்து போயிட்டான். ஒரு பக்கத்து மீசையோட ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கான். என் கடைக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் வேணுமா?”

“நீங்க இதை எங்க வாங்கினீங்க? கீழயா, மேலயா?” என்று அண்ணன் கேட்டான். பதில் தெரிந்தே கேட்டான், மேனேஜர் காதில் நன்றாக விழட்டும் என்று.

“மேல் மாடியில.”

“அதானே பார்த்தேன்.”

மேல் மாடிக்காரி அப்போது மாடிப்படியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கடை அப்பாவுடையது. தெருவிலேயே பளிச்சென்ற கடை என்று பேரெடுத்தது. கீழ்த்தளம் அண்ணனின் ராஜ்யம். பெயரைச் சொன்னாலே விலை ஏறுகிற பெரிய கம்பெனி டிவிகள். மேல் மாடி இளையவளுடையது. கீழே விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘சும்மா பார்க்கத்தான் வந்தோம்’ என்று நழுவுகிறவர்களைப் படியிலேயே மடக்கி மேலே கூட்டிப்போய், அதே அளவு டிவியைப் பாதி விலைக்குக் கொடுத்து அனுப்புகிறவள். அண்ணன் அவளுக்கு வைத்திருக்கிற பட்டம் ‘மலிவு மகாராணி’. அவள் அதற்காக முகம் சுளித்ததே இல்லை. மகாராணி என்று ஒப்புக்கொண்டானே, அதுவே பெரிய விஷயம் என்பாள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்குகிறவளும் அல்ல. ஒரு கம்பெனியின் பெட்டியை வாங்கும் முன், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்கு வாடிக்கையாளர் மாதிரி போன் போடுவாள். “டிவி ஓடலைங்க, மாமியார் என்னைப் பார்க்கற பார்வையே சரியில்லைங்க” என்று அழுவாள். எதிர்முனையில் இருப்பவன் என்ன சொல்கிறான், ஆளை அனுப்புகிறேன் என்கிறானா, அப்புறம் கூப்பிடு என்கிறானா என்று கேட்டுவிட்டுத்தான் சரக்கு எடுப்பாள். போனையே எடுக்காத இரண்டு கம்பெனிக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தும் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒரே கம்பெனி, ஒரே நோய். சத்தம் உண்டு, படம் இல்லை. சலூன்காரருடையது ஆறாவது.

“பார்த்தீங்களா சார்?” மேனேஜர் அப்பா பக்கம் குனிந்தார். “இதுக்குத்தான் தலைதலையா அடிச்சுக்கறேன். சாயங்காலம் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு தளமும் எங்க பெட்டி. வாசல்ல எங்க போர்டு. மேல இருக்கற தகரத்தையெல்லாம் வந்த வழியே அனுப்பிடுங்க.”

அப்பா காசு எண்ணுவதை நிறுத்தாமல், “சாயங்காலம் வாங்க” என்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினால் அது கடைக்குச் சட்டம்.

அண்ணன் படியருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “உன்னை யாரும் வெளிய அனுப்பல. கீழ வந்து பில் போடு. ஃபேன் இருக்கு, நல்ல நாற்காலி இருக்கு.”

“மேல எனக்குன்னு ஒரு பேச்சு இருக்கே அண்ணா. அதைக் கீழ எங்க வைக்கறது?”

---

கடையின் பின்கட்டில் மெக்கானிக்கின் இடம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிற மனிதர்.

“பேக்லைட் போச்சு.”

“ஏன் போச்சு?”

“மலிவுப் பெட்டி, போகாம என்ன பண்ணும்?”

“ஆறும் ஒரே மாதிரி போகுதேண்ணே?”

“ஆறும் மலிவுப் பெட்டி.”

இப்படிப் பேசினால் உலகத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். அவரும் அப்படித்தான் இத்தனை காலம் ஓட்டியிருந்தார்.

டிவித் திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் வரிசையாக விளக்குப் பட்டைகள் எரிகின்றன. அந்த வெளிச்சத்தில்தான் நமக்குப் படம் தெரிகிறது. பட்டை கருகிவிட்டால், படம் பாட்டுக்கு இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இளையவள் டார்ச்சை எடுத்து சலூன்காரரின் கறுத்த திரைக்குக் கிட்டத்தில் பிடித்தாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும், செய்தி வாசிக்கிற ஒரு பெண்ணின் முகம் பனிக்குள் தெரிவதுபோல் மங்கலாகத் தெரிந்தது.

“ஐயோ, உள்ளயே இருக்காளே!” என்றார் சலூன்காரர். படம் வருகிறவரை நகரமாட்டேன் என்று ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்த வேறொரு பெட்டியிலிருந்து ஒரு தகட்டை உருவி அவள் கையில் கொடுத்தார். “பட்டையோட சூட்டை வாங்கித் தள்ள வேண்டிய தகடு இது. பெரிய கம்பெனிப் பெட்டியில தடிமனா இருக்கும். இது பேப்பர். நான் சொன்னா உங்களுக்குக் கசக்குது.”

இளையவள் தகட்டை விரலால் வளைத்தாள். வளைந்தது. அவளுக்கு உண்மையிலேயே கசந்தது. ‘நான் இருக்கேன், எடுத்துட்டுப் போங்க’ என்று அவள் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் சொல்வதுதான் சரியோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

“உங்க பின்கழுத்து முடியை யாரு வெட்டினது?” சலூன்காரர் மெக்கானிக்கின் தலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். “அந்த ஆள் மேல கேஸ் போடலாம்.”

---

மத்தியானம் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவள். சாதாரணமாகக் கடைக்கு வருவாள், கடையிலிருந்து போவாள். இன்றைக்கு அண்ணியின் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதால் தேவலை என்றிருந்தது.

கதவைத் திறந்ததும் சமையல்கட்டிலிருந்து யாரோ இருவர் சண்டை போடுகிற சத்தம். அவள் செருப்பைக் கழற்றிய ஓசையில் சண்டை சட்டென்று நின்றுபோயிற்று. உள்ளே போனால் அண்ணி மட்டும் நிற்கிறாள், கையில் கரண்டி, முகத்தில் அப்பாவித்தனம். அலமாரியில், டப்பாக்களுக்கு நடுவே, துண்டு போர்த்திய சதுரமாக ஏதோ ஒன்று.

“அண்ணி, அது என்ன?”

“எது என்ன?”

“துண்டு போட்டு மூடியிருக்கீங்களே, அது.”

“மாவு சலிக்கற சல்லடை.”

“சல்லடைக்கு ஏன் ஒயர் போகுது?”

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். பிடிபட்டவர்களுக்கே வரும் ஒரு நிம்மதி அவள் முகத்தில் வந்தது. துண்டை உருவினாள். சின்ன டிவி. மேல் மாடிச் சரக்கு. அதே கம்பெனி.

“உன்னோட முதல் லோடுல வந்தது. பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பி உன்கிட்டதான் வாங்கினேன்.”

“பேரம் பேசிப் பேசி என் தொண்டையைக் காய வெச்சாங்களே, அந்த அக்காவா?”

“அவ்வளவு பேசச் சொன்னதே நான்தான்.”

இளையவளுக்கு அழ வந்தது மறந்துபோயிற்று. அந்த நாள் நினைவு வந்தது. அந்த அக்கா பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. டெலிவரியும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று தானே தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு அது அவமானமாகக்கூட இருந்தது.

“ரிப்பேர் எதுவும் வரலையா?”

“ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. விடிஞ்சா போடறேன், வேலை முடிஞ்சாதான் நிறுத்தறேன். ஆவி, புகை, தாளிக்கற எண்ணெய் எல்லாத்தையும் குடிக்குது. ஒரு நாள் கண்ணை மூடினதில்ல.”

“ஏன் இவ்வளவு மங்கலா வெச்சிருக்கீங்க?”

“இதுவா மங்கல்? இது சரியாத்தான் இருக்கு. உங்க கடைக்குள்ள வந்தாதான் எனக்குக் கண்ணு கூசும், வெல்டிங் பட்டறைக்குள்ள நுழைஞ்ச மாதிரி.”

இளையவள் ரிமோட்டை எடுத்தாள். செட்டிங்ஸைத் தேடிப் போனாள். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

“ஆமா, முதல் நாள் போட்டப்போ அது ஒரு கேள்வி கேட்டுச்சு. இருக்கற இடம் வீடா, கடையான்னு. சமையல்கட்டுல நின்னுக்கிட்டு கடைன்னு அமுக்க நான் என்ன கிறுக்கா? வீடுன்னு அமுக்கினேன்.”

இளையவள் மெனுவில் அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். ‘வீடு’ என்றுதான் இருந்தது.

அவர்கள் கடையில் அந்தக் கேள்விக்கு யாரும் ‘வீடு’ என்று பதில் சொன்னதே கிடையாது. அது அப்பாவின் சட்டம். வெகுகாலம் முன்பு ஒரு வாடிக்கையாளர், ‘கடையில பளபளன்னு இருந்துச்சு, வீட்டுல வந்து மங்கிடுச்சு, ஏமாத்திட்டீங்க’ என்று நாலு பேர் நடுவில் கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா சொன்னது: “கடையில காட்டின வெளிச்சத்தை வீட்டுலயும் குடுக்கணும். இல்லைன்னா அது வியாபாரம் இல்ல.” அதிலிருந்து, கடையைவிட்டு வெளியே போகிற எந்த டிவியையும் ‘கடை’ என்று அமுக்கி, திரையின் அடியில் ஓடுகிற விளம்பர வரியை மட்டும் நிறுத்திவிட்டு, முழு வெளிச்சத்தில் வைத்துத்தான் மாட்டிக் கொடுப்பார்கள். தெருவில் வேறு எந்தக் கடையிலும் இந்தப் பழக்கம் இல்லை. அவர்களுக்கு அதில் பெருமை.

தடிமனான தகடு அந்த வெளிச்சத்தைத் தாங்கிற்று. மெல்லிய தகடு என்ன செய்யும்? காலை முதல் இரவு வரை முழு வேகத்தில் எரிந்த பட்டை கருகிப்போயிற்று.

“அண்ணி, நீங்க தெய்வம்.”

“அதெல்லாம் இருக்கட்டும். இதைப் பத்தி உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடக்கூடாது. ஊருக்கெல்லாம் பெரிய கம்பெனி விக்கறவர் வீட்டுலயே மலிவுப் பெட்டியான்னு, கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்துவார். சொல்லு, சொல்லமாட்டேன்னு.”

“சொல்லமாட்டேன்” என்றாள் இளையவள், செருப்பைப் போட்டுக்கொண்டே. “ஆனா சாயங்காலம் அந்த மேனேஜரோட காகிதத்துல அப்பா கையெழுத்துப் போடறார் அண்ணி. போட்டா, என் மாடி போச்சு.”

---

“டார்ச்சை ஆடாமப் பிடிங்க.”

“சவரக்கத்தி பிடிக்கற கை இது. ஆடினா தெருவுல பாதிப் பேருக்குக் காது இருக்காது” என்றார் சலூன்காரர்.

கறுத்த திரையில் அவர் வெளிச்சத்தை அடிக்க, இளையவள் ரிமோட்டை அமுக்கி அமுக்கி, மெனுவில் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். எழுத்து தெரிய மூக்கைத் திரையில் ஒட்ட வேண்டியிருந்தது. ஒலி. மொழி. நேரம். கடைசியில் அது வந்தது. பயன்படுத்தும் இடம்: கடை.

“சரியாத்தானே இருக்கு?” என்றார் சலூன்காரர். “என்னுது கடைதானம்மா?”

“உங்க கடையில்லண்ணே, இது எங்க கடை!”

மற்ற ஐந்து பெட்டிகளில் ஓடுகிற நிலையில் இருந்தவற்றையும் இழுத்துப் போட்டு அதேபோல் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே சொல். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “இருந்தாலும் தகடு பேப்பர்தானே?” என்றார்.

“பேப்பர்தான். பேப்பரைக் கொண்டுபோய் அடுப்புல வெச்சது நாம.”

---

சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். மேனேஜர் காகிதங்களைப் பிரித்து, கையெழுத்து விழ வேண்டிய இடங்களைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பேனாவை மூடி கழற்றி அப்பாவின் கையில் வைத்தான்.

“அப்பா, ஒரு நிமிஷம்.”

அவள் தலையில் தூசி. கையில் ஒரு கொத்து ரிமோட்.

“அந்த ஆறு பெட்டியும் தானாப் போகல. நாமதான் கருக்கினோம்.”

“நாமன்னா யாரு?” என்றார் அப்பா.

“கடை வெளிச்சம்.”

அந்தக் கடையில் அந்தச் சட்டத்தை யாரும் குறை சொன்னதில்லை.

“கேட்டீங்களாப்பா? சுத்திச் சுத்தி உங்க மேலயே பழியைப் போடறா!” என்றான் அண்ணன்.

“பழி போடல அண்ணா. அப்பா சொன்னது நியாயத்துக்குச் சொன்னது. அப்போ இருந்த பெட்டி வேற. இந்தப் பெட்டிக்கும் அதே வெளிச்சத்தை வெச்சு அனுப்பினவ நான். யோசிச்சிருக்கணும், யோசிக்கல.”

மேனேஜர் சிரித்தார். நல்ல சட்டை போட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. “மேடம், எங்க பெட்டியும் இதே கடையிலிருந்து இதே வெளிச்சத்துலதான் போகுது. எங்களுது கருகலையே? அதுக்குப் பேர்தான் தரம்.”

“ஒத்துக்கறேன் சார்.”

அவர் சிரிப்பு கொஞ்சம் தடுக்கிற்று. ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“உங்க தகடு தடிமன். உங்க பெட்டியில சத்தம் நல்லாயிருக்கு. ரிமோட்டை அமுக்கினா உடனே கேக்கும். என் பெட்டி ரெண்டு தடவை யோசிச்சிட்டுத்தான் கேக்கும். ஓரத்துல உட்கார்ந்து பார்த்தா என் பெட்டியில கதாநாயகன் வெளுத்துப்போய் நோயாளி மாதிரி தெரிவான். இல்லைன்னு சொல்லல. நாளையிலிருந்து இதையெல்லாம் எழுதி, மாடியில ஒவ்வொரு பெட்டி நெத்தியிலயும் ஒட்டப் போறேன்.”

“குறையை எழுதி ஒட்டப் போறியா?” அண்ணனுக்குக் குரல் கீச்சென்று போயிற்று. “எந்தக் கடைக்காரனாவது செய்வானா? பார்க்கறவன் சிரிப்பான்!”

“சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே படிப்பான். படிச்சவன் அப்புறம் திரும்பி வந்து கத்தமாட்டான்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் செய்த காரியம்தான் அந்தத் தெருவில் இன்றுவரை பேசப்படுகிறது. மாடியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிவரச் சொல்லி, மேனேஜரின் கம்பெனியிலேயே விலை கூடிய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கையிலிருந்த ரிமோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை, சுவரில் இருந்த டிவிகளை வரிசையாக ‘வீடு’ என்று மாற்றிக்கொண்டே வந்தாள்.

தெருவிலேயே பளிச்சென்ற கடை, ஒவ்வொரு சுவராக அடங்கிற்று. அருவியில் தண்ணீர் குறைவது மாதிரி இருந்தது. மனிதர்களின் முகங்கள் நீல நிறம் போய், மனிதர்களின் நிறத்துக்கு வந்தன.

“ஏய்! என்ன பண்றே?” அண்ணன் ரிமோட்டைப் பிடுங்க வந்தான். அவள் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு மிச்சத்தையும் முடித்தாள்.

ஒரு கணவனும் மனைவியும் இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் நின்றிருந்தார்கள்.

“இப்பத்தாங்க நம்ம வீட்டுல பார்க்கற மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. “இதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?”

கணவன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். “விலை” என்றான்.

மேனேஜர் எழுந்துவிட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் முட்டாள் இல்லை, சரியான இடத்தில் கை வைத்தார்.

“படம் காட்டறது பெரிசு இல்ல மேடம். உழைக்கணும். வீட்டு வெளிச்சத்துல வெச்சா இந்தப் பெட்டி உழைக்கும்னு எதை வெச்சு சொல்றீங்க? நீங்க அனுப்பினது எல்லாம்தான் கடை வெளிச்சமாச்சே. வீட்டு வெளிச்சத்துல ரெண்டு வருஷம் ஓடின ஒரே ஒரு பெட்டியைக் காட்டுங்க. நான் காகிதத்தை மடிச்சுக்கறேன்.”

“கேக்கறது நியாயம்” என்றார் அப்பா. “இருந்தா காட்டு.”

“இருக்குப்பா.”

“எங்க?”

இளையவள் வாயைத் திறந்தாள். மூடினாள். “இருக்கு. ஆனா எங்கன்னு சொல்லமாட்டேன்.”

அண்ணன் கையைத் தட்டினான். “கேளுங்க! இருக்காம், ஆனா சொல்லமாட்டாளாம்! இந்த வியாபாரம் எனக்குத் தெரியாமப் போச்சே!”

“வாக்கு குடுத்திருக்கேன். என் மாடியைக் காப்பாத்திக்க இன்னொருத்தரை மாட்டிவிட மாட்டேன். கையெழுத்துப் போடறதுன்னா போடுங்கப்பா. ஆனா பெட்டி மேல தப்புன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க.”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார்.

“கொஞ்சம் வழி விடுங்க! வழி விடுங்கன்னா!”

வாசலில் கூட்டம் விலகிற்று. அண்ணி. போர்வையில் சுற்றிய மூட்டை ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கடைக்குள் வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். நேராகப் போனாள். மேனேஜரின் கம்பெனி கொடுத்திருந்த கண்ணாடி மேடையில் மூட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தாள். ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு மூலையில் ஏதோ தெறித்துக் காய்ந்த கறை.

“யாராவது ஒரு பிளக் பாயிண்ட் காட்டுங்க.”

சலூன்காரர் ஓடிப்போய் காட்டினார்.

படம் வந்தது. சுத்தமான, அடக்கமான, கண்ணைக் குத்தாத படம். தொடர் ஒன்றில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய ஒவ்வொரு கண்ணீர்த்துளியும் தெளிவாகத் தெரிந்தது.

“ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்,” என்று அண்ணி மேனேஜரிடம் சொன்னாள். “அடுப்புக்குப் பக்கத்துல. உங்க கம்பெனிப் பெட்டியை அங்க வெச்சுப் பார்த்திருக்கீங்களா?”

அண்ணன் அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தான். “இது... இது எங்க இருந்துச்சு?”

“நம்ம வீட்டுல.”

“நம்ம வீட்டுல எங்க?”

“சமையல்கட்டுல. ஒரே ஒரு தடவை தண்ணி எடுத்துக் குடிக்க நீங்களே உள்ள வந்திருந்தாக்கூடப் பார்த்திருப்பீங்க.”

கடை சிரித்தது. சலூன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சற்று முன் ‘விலை’ என்று சொன்ன கணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். மருமகளின் டிவிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், ஆறில் ஒன்றின் கருகிய பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். அதை மேனேஜரின் காகிதங்களின் மேல் வைத்தார். பேனாவை மூடினார்.

“கீழ்த்தளத்துல உங்க பெட்டி இருக்கட்டும். நல்ல பெட்டி. மாடியைப் பத்திப் பேச வேணாம்.”

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். அப்பா மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

“அந்த ஆறு பேருக்கும் புதுப் பட்டை போட்டுக் குடு. கடைச் செலவு. சட்டம் போட்டது நான்தானே?” கொஞ்சம் நின்றார். சுற்றிலும் அடங்கியிருந்த சுவர்களைப் பார்த்தார். “இனிமே எல்லாப் பெட்டியும் வீட்டு வெளிச்சத்துலதான் போகணும்.”

அந்த வீட்டில் மன்னிப்பு என்பது அவ்வளவுதான். இளையவளுக்கு அது போதும்.

அவள் ஓர் அட்டையைக் கிழித்து, முதல் சீட்டை அங்கேயே எழுதினாள். சத்தம் சுமார். ரிமோட்டுக்குப் பொறுமை வேண்டும். நேராக உட்கார்ந்து பாருங்கள். வீட்டு வெளிச்சத்தில் உழைக்கும். ‘ஒரு பக்க மீசைக்குக் கடை பொறுப்பல்ல’ என்பதையும் சேர்க்கச் சொன்னார் சலூன்காரர். சேர்த்தாள்.

“இதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும்போது மூட மாட்டேன்” என்றாள் அண்ணி, போர்வையை மடித்துக்கொண்டே. “தெருவே பார்க்கட்டும்.”

வாசலில் மேனேஜர் கிளம்பிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அண்ணனின் தோளில் கை போட்டு, ஏதோ காதோடு சொல்லி, ஒரு கார்டை அவன் சட்டைப் பைக்குள் செருகி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த பெரிய கடையின் ஷட்டரைப் பார்த்தபடியே போனார். அண்ணன் இடமும் வலமும் பார்த்துவிட்டு, கார்டை இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

“அண்ணி,” இளையவள் குரலைத் தாழ்த்தினாள், “அண்ணன் பையில அந்த ஆள் என்னமோ வெச்சான்.”

“பார்த்தேன்.”

“என்னன்னு கேக்க மாட்டீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்?” அண்ணி போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, டிவியைத் தூக்கினாள். “அந்தச் சட்டையைத் துவைக்கறது யாரு?”